மிளகாய்ச் சீஸும் முறையற்ற ருசிப்பும்

மனிதகுலம் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்திருக்கிறதே தவிர, சாப்பிடக் கற்றுக்கொண்டது போன வருடம் மார்ச் பதினோராம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குத்தான். அதற்கு முன் நடந்ததெல்லாம் வெறும் மெல்லல், விழுங்கல். அந்தத் தேதியைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், தன்னடக்கம் தடுக்கிறது. காரணம், அன்றைக்கு அச்சகத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கிய 'மிளகாய்ச் சீஸ்: ருசிக்கும் முறை' என்ற துண்டுப்பிரசுரத்தை எழுதியவன் அடியேன்.

எங்கள் பால்பொருள் நிறுவனத்தில் எனக்கு உத்தியோகம் பெட்டிகளின் மேல் எழுதுவது. 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்', 'திறந்தபின் ஐந்து நாட்களுக்குள் உண்ணவும்' ஆகிய என் படைப்புகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள். வாசிக்காமல் ஒன்பதாம் நாள் உண்டு, என் எழுத்தின் அருமையைத் தாமதமாக உணர்ந்தவர்களும் உண்டு. பதினேழு வருடமாக இப்படி ஒற்றைவரி இலக்கியம் படைத்துவந்த என்னை முதலாளி ஒருநாள் அழைத்தார். புதிதாக ஒரு சீஸ் வருகிறது. வெள்ளைக் கட்டிக்குள் சிவப்பு மிளகாய்த் துணுக்குகள் பதிந்திருக்கும். பார்த்தால் அழகு, வாயில் போட்டால் நெருப்பு. இதை வாங்குகிறவன் சும்மா தின்றுவிட்டுப் போனால் நமக்கு என்ன மரியாதை? அவன் அதை 'அனுபவிக்க' வேண்டும். அதற்கு ஒரு முறை எழுது என்றார்.

எழுதினேன். மொத்தம் பதினோரு படிகள். சீஸைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து முப்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுக்க விட வேண்டும் என்பது முதல் படி. உண்பவர் மனத்தை அமைதிப்படுத்திக்கொள்வது இரண்டாவது. மெல்லிய கத்தியால் சாய்வாக நறுக்குவது, சிவப்புத் துணுக்குகளை எண்ணுவது, இடது நாசியால் முதலிலும் வலது நாசியால் பிறகும் முகர்வது என்று படிப்படியாக உயர்ந்து, ஆறாம் படியில் உச்சத்தைத் தொட்டேன். 'துண்டை நாவின் நடுவில் வைத்து, கண்களை மூடி, மெல்லாமல் நாற்பது நொடிகள் காத்திருக்கவும்.' ஏழாம் படி மௌனம். எட்டாம் படியில், தாம் உணர்ந்ததை அருகில் இருப்பவரிடம் முழு வாக்கியத்தில் தெரிவிக்க வேண்டும். பதினோராம் படி, கத்தியை நன்றியுணர்வோடு துடைத்து வைப்பது.

இதில் ஒரு சின்னச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீஸை நான் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

எனக்குக் காரம் ஆகாது. பச்சைத் தண்ணீர் உறைக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதன் என்று என் மனைவி என்னை உறவினர்களிடம் அறிமுகம் செய்துவைப்பதுண்டு. பிரசுரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவள் ஆறாம் படியை இரண்டு தரம் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இத நீங்க தின்னு பாத்தீங்களா?"

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாம் சமைத்துப் பார்த்துவிட்டா எழுதுகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"அதான் எல்லார் வீட்லயும் அடிப்பிடிக்குது" என்றாள்.

இலக்கியத்தின் மீது இல்லத்தார் தொடுக்கும் தாக்குதல் காலங்காலமாக இருந்து வருவது. பொருட்படுத்தவில்லை.

பிரசுரம் பெரும் வெற்றி. எப்படித் தெரியும் என்றால், முதலாளி அப்படிச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு சுற்றறிக்கையும் விட்டார்: நிறுவனத்தின் ஊழியர்கள் அனைவரும் இந்த முறைக்கு 'வாழும் முன்னுதாரணமாக' விளங்க வேண்டும், இனி மிளகாய்ச் சீஸை அலுவலகத்திலோ ஆலையிலோ யார் எப்போது உண்டாலும் பதினோரு படிகளின்படியே உண்ண வேண்டும், இதற்குச் சம்மதம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எடுக்கப்படவில்லை. எனக்கோ, தலைமை எழுத்தாளர் என்ற பதவியும் ஜன்னல் வைத்த தனி அறையும் அடுத்த மாதம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. பதினேழு வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்தது நகலெடுக்கும் இயந்திரத்தின் முதுகை.

இந்தப் பொற்காலத்தில்தான் அந்தக் 'குற்றம்' நடந்தது.

எங்கள் ஆலையில் வெட்டுமேசை என்று ஒன்று உண்டு. இருபது கிலோ சீஸ் கட்டி அங்கே வந்து இறங்கும். அதைக் கம்பியால் அறுத்து, ஓரங்களைச் சீவிச் சதுரமாக்கி, இருநூறு கிராம் துண்டுகளாகப் பிரிப்பார்கள். அந்த மேசையில் பன்னிரண்டு வருடமாக நிற்பவரை எல்லோரும் மேசையக்கா என்பார்கள். அவர் அறுத்த துண்டைத் தராசில் வைத்தால் தராசுதான் வெட்கப்படும். ஒரு கிராம் கூடாது, குறையாது. சீவிய ஓரங்களில் நாளுக்கு ஓர் உள்ளங்கை அளவு தொழிலாளி எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய விதி இருக்கிறது. ஆகவே எடுத்ததில் தப்பில்லை. தப்பு, தின்ற விதத்தில்.

பத்தரை மணி இடைவேளையில் மேசையக்கா அந்த ஓரத்துண்டைப் பக்கத்தில் இருக்கும் உறை ஒட்டும் இயந்திரத்தின் தலைமேல் வைப்பார். இரும்புத் தகடு எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். துண்டு ஓரம் இளகி, லேசாகப் பளபளத்து, சிவப்புத் துணுக்குகளைச் சுற்றி எண்ணெய் கசிகிற சமயம் பார்த்து எடுத்து, ரொட்டியில் தேய்த்து, மேலே ஒரு கீற்று ஆப்பிளை வைத்து, நின்றபடியே கடிப்பார். கூட இரண்டு பெண்கள். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு தின்பார்கள். ஓய்வு கிடையாது. மன அமைதி கிடையாது. எண்ணிக்கை கிடையாது. இரண்டு நாசியாலும் ஒரே நேரத்தில் முகர்ந்தார்கள்.

இத்தனையும் தர அதிகாரியின் கேமராவில் பதிவாகிவிட்டது. தர அதிகாரி சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெப்பமானி வைத்திருப்பார். காண்டீனில் தேநீர் வாங்கினால்கூட அதை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஆகவே அவருக்குப் பெயர் தெர்மாமீட்டர். அவர் அறிக்கை கொடுத்தார். மற்ற இரண்டு பெண்களும் கொடுத்ததைத் தின்றவர்கள், வழிநடத்தியவர் மேசையக்கா என்று தீர்மானமாகி, அவருக்கு மட்டும் ஓலை போயிற்று. குற்றத்தின் தலைப்பு: 'முறையற்ற ருசிப்பு.' குற்றம் நிரூபணமானால் பணிநீக்கம் வரை போகலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் மேசையக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நகலெடுக்கும் இயந்திரத்தின் பின்னால் கையில் அந்த ஓலையோடு நின்றார். வேலை போய்விடுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் முதுகு ஒடிந்து படுத்து இரண்டு வருடம் ஆகிறது, வீடு தன் கையில்தான் ஓடுகிறது என்பதை, ஏதோ மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அது நடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"சார், நீங்க எழுதினபடி நான் ஒருநா செஞ்சு பாத்தேன். நாப்பது செகண்டு. பதினஞ்சுலயே கண்ணு பிதுங்கிருச்சு. நீங்க எப்படி சார் தாங்குறீங்க? பெரிய நாக்கு சார் உங்களுக்கு."

"பழக்கம்தான் அக்கா" என்றேன்.

அந்தப் பதிலை எந்தப் பெட்டியின் மேலும் அச்சிட முடியாது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைமை, நிர்வாக மேலாளர் அம்மையார். விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கைகுலுக்கக் கூடியவர். அடுத்து தெர்மாமீட்டர். மூன்றாவதாக 'முறை நிபுணர்' என்ற தகுதியில் நான். எழுதத் தெரிந்தவன் என்பதால் கூட்டக் குறிப்பும் அறிக்கையும் என் தலையில். மேசையின் அந்தப் பக்கம் மேசையக்கா, மடியில் சாப்பாட்டு டப்பா. நடுவில் தெர்மாமீட்டரின் செல்போன் மூன்று கால்களில் நின்று எல்லாவற்றையும் பதிவு செய்தது.

காட்சி ஓடியது. தெர்மாமீட்டர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விளக்கினார். துண்டின் வெப்பம் உத்தேசமாக நாற்பத்து மூன்று டிகிரி, விதி மீறல். நாக்கில் வைத்த இரண்டாம் நொடியில் மென்றது, விதி மீறல். வாய் நிறைய வைத்துக்கொண்டு அரைகுறை வாக்கியங்களில் பேசியது. எட்டாம் படி மீறல். சிரிப்பு ஐந்து தடவை. சிரிப்பைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். இல்லாத ஒன்றைச் செய்ததும் மீறல்தான் என்றார்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா சிரிச்சீங்க?"

"நல்லா இருந்துச்சு மேடம்."

"எந்தப் படியில நல்லா இருந்துச்சு?"

மேசையக்கா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, படியெல்லாம் தனக்குத் தெரியவில்லை, குளிர்ந்த துண்டில் காரம்தான் முதலில் ஏறுகிறது, கொஞ்சம் சூடு காட்டினால் பால்வாசம் முன்னால் வந்து காரம் பின்னால் வருகிறது, ஆப்பிள் அதைத் தடவிக் கொடுக்கிறது, அவ்வளவுதான் மேடம் என்றார். நான் அதைக் குறிப்பில் எழுதினேன். எழுதும்போதே, இந்த மூன்று வரியைத்தான் நான் பதினோரு படிகளில் எழுதத் தவறியிருக்கிறேன் என்று உறைத்தது. காரமே படாத நாக்குள்ளவனுக்கு உறைத்த முதல் சம்பவம்.

கடைசியாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று அம்மையார் கேட்டபோது மேசையக்கா ஒரு விண்ணப்பம் வைத்தார். அந்த முறைப்படி தின்று யாரையும் தான் பார்த்ததில்லை. பெரியவர்கள் ஒருதரம் செய்து காட்டினால் தானும் பார்த்துக் கற்றுக்கொள்வார். அதற்கப்புறம் தப்பு வராது. இதில் ஒரு பொடி கிண்டலும் இல்லை. இருந்திருந்தால் அதைச் சாக்காக வைத்து நாங்கள் தப்பித்திருக்கலாம். அம்மையார் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நியாயமான கோரிக்கை என்றார்.

சீஸ் வரவழைக்கப்பட்டது. முதல் படி, முப்பத்தைந்து நிமிட ஓய்வு. நான்கு பேரும் கைகட்டி உட்கார்ந்து ஒரு சீஸ் ஓய்வெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தெர்மாமீட்டர் எழுந்துபோய் அதற்குக் காய்ச்சல் பார்த்தார். குறிப்பில் நான் எழுதிய வாக்கியம் இன்னும் கோப்பில் இருக்கிறது: '11.05 முதல் 11.40 வரை சீஸ் ஓய்வெடுத்தது. குழு உடனிருந்தது.' மேசையக்கா மட்டும் நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். அவர் ஒருவர்தான் அந்த அறையில் காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்.

மனத்தை அமைதிப்படுத்தினோம். நறுக்கினோம். என் துண்டில் இருபத்திரண்டு சிவப்புத் துணுக்குகள். அம்மையாருக்குப் பத்தொன்பது. முகர்ந்தோம். பிறகு மூன்று பேரும் ஒரே சமயத்தில் நாக்கின் நடுவில் வைத்து, கண்ணை மூடினோம். நொடி எண்ணும் பொறுப்பு மேசையக்காவுக்கு.

ஐந்து வரை ஒன்றுமில்லை. இவ்வளவுதானா என்று ஒரு வீரம்கூட வந்தது. எட்டில் நாக்கின் நடுவே யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். பன்னிரண்டில் அதை அணைக்காமல் கீழே போட்டுவிட்டார்கள். பதினைந்தில் காது அடைத்தது. மேசையக்கா "பதினாறு" என்று சொன்னது வேறொரு கட்டடத்திலிருந்து கேட்டது. பதினெட்டில், என்றோ இறந்துபோன என் தகப்பனார் வந்து, என்னடா எழுதி வச்சிருக்க என்றார். கண்ணைத் திறந்தேன். அம்மையாரின் முகம் விதிப்புத்தகத்தின் சிவப்பு அட்டை நிறத்தில் இருந்தது. தெர்மாமீட்டர் தன் வெப்பமானியைத் தன் வாயிலேயே விட்டிருந்தார். பத்தொன்பதில் நான் விழுங்கினேன். விழுங்கியது தப்பு. விக்கல் வந்து, கண்ணீர் வந்து, தண்ணீர்க் குவளையைத் தேடி மேசையைத் தடவினேன்.

"தண்ணி வேணாம் தம்பி, தண்ணி எரிச்சலப் பரப்பிரும்" என்று மேசையக்கா எழுந்து வந்தார். சார் என்பது எங்கோ விழுந்துவிட்டது. டப்பாவைத் திறந்து ஒரு ரொட்டித் துண்டை என் வாயில் திணித்தார். "மெதுவா மெல்லுங்க. பயப்படாதீங்க, போயிரும்."

அம்மையார் தழுதழுத்த குரலில் தேநீர் இடைவேளை அறிவித்தார். தெர்மாமீட்டர் செல்போனை அணைத்தார்.

இடைவேளையில் நடந்தவை குறிப்பில் ஏறாது என்பது எங்கள் விதி. ஆகவே இனி வரும் சில பத்திகள் நடக்கவில்லை.

ஃபிளாஸ்கிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தேநீரை எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, மேலே சிறு தட்டுகளைக் கவிழ்த்து, அதன்மேல் மிச்ச சீஸைக் கீற்றுக் கீற்றாக வைத்தார் மேசையக்கா. இரண்டு நிமிடத்தில் ஓரம் பளபளத்தது. ரொட்டியில் தேய்த்து, டப்பாவில் இருந்த ஆப்பிளை நறுக்கி வைத்து எனக்கு நீட்டினார். வேண்டாம் என்றேன். காரத்துக்குப் பயந்தால் அது துரத்தும், கொஞ்சமாகக் கடித்துப் பாருங்கள் என்றார். கடித்தேன். முதலில் பால் வந்தது, உப்போடு. பிறகு ஆப்பிள். அதற்கெல்லாம் பிறகு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற நல்ல விருந்தாளி மாதிரி, காரம். நாற்பத்தாறு வயதில் நான் முதல்முறையாக ஒரு மிளகாயோடு சமாதானமாக இருந்தேன். சிரிப்பு வந்தது. அம்மையார், சாட்சியத்தைச் சரிபார்க்க வேண்டியது தலைமையின் கடமை என்று சொல்லி ஒன்று எடுத்தார். கடமை மூன்று தரம் நிறைவேற்றப்பட்டது. தெர்மாமீட்டர் வெப்பம் பார்த்தார், நாற்பத்திரண்டு என்றார், மேசையக்காவைப் பார்த்து, நான் ஒரு டிகிரி கூடச் சொல்லிட்டேன் போல இருக்கு என்று வருத்தம் தெரிவித்துவிட்டு இரண்டைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். மேசையக்கா தனக்கென்று கடைசியில் ஒரு சின்ன ஓரத்தை எடுத்துக்கொண்டார். நாங்கள் நான்கு பேரும் வாய் நிறைய வைத்துக்கொண்டு, அரைகுறை வாக்கியங்களில், என்னென்னவோ பேசிச் சிரித்தோம்.

அந்தத் தைரியத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். இந்தச் சீஸை இன்றுதான் முதல்முதலாகத் தின்கிறேன் என்றேன். அப்படியென்றால் நாற்பது நொடி எங்கிருந்து வந்தது என்று அம்மையார் கேட்டார்.

"லிஃப்ட் மேடம். கீழேருந்து மூணாம் மாடிக்கு வர நாப்பது செகண்ட் ஆகும். அப்பத்தான் ஆறாம் படியை யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

தெர்மாமீட்டர் மெல்வதை நிறுத்தினார். மேசையக்கா என்னைப் பார்த்தார். பெரிய நாக்கு ஒன்று தன் கண்ணெதிரே சுருங்குவதைப் பார்ப்பவர்போல் பார்த்தார். பிறகு அவருக்கே என்மேல் பாவமாகிவிட்டது. இன்னொரு ரொட்டித் துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இது இடைவேளை" என்றார் அம்மையார். "இப்ப சொன்னது குறிப்புல வராது. வரணும்னா இடைவேளை முடிஞ்சதும் சொல்லுங்க. சொன்னா முறை தப்புன்னு ஆகும். முறை தப்புன்னா இந்தம்மா மேல கேஸே இல்ல. உங்க கதை என்ன ஆகும்னு முதலாளியத்தான் கேக்கணும்."

விதிப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். நுழைய வேண்டியது நான்.

இடைவேளை முடிந்தது. செல்போன் மறுபடி மூன்று கால்களில் நின்றது. முறை நிபுணர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று அம்மையார் கேட்டார். மேசையக்கா மடியில் மூடிய டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று உண்மையை முழங்கினேன் என்று எழுத எனக்கு மிகவும் ஆசை. கையில் பேனாவும் இருக்கிறது, தடுப்பார் யாருமில்லை. ஆனால் நான் சொன்னது இதுதான்: குற்றம் செய்தவர் நெடுநாள் ஊழியர், தெரியாமல் செய்தது, வேலையிலிருந்து நீக்க வேண்டாம் என்று நிபுணர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அம்மையார் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் விதிப்புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லை.

இதை ஒரு கருணைச் செயல் என்று முதலாளி பாராட்டினார். ஜன்னல் வைத்த அறை மறுவாரமே வந்தது. ஜன்னல் வழியாக ஆலையின் பின்கதவு நன்றாகத் தெரியும்.

அறிக்கை ஒன்றரைப் பக்கம். நான் எழுதியவற்றுள் நடை அழகில் சிறந்தது. முறையற்ற ருசிப்பு ஐயந்திரிபற நிரூபணம். பணிநீக்கம் இல்லை, குழுவின் பெருந்தன்மை. ஆனால் வெட்டுமேசையிலிருந்து மாற்றம். முறை மனத்தில் பதியும்பொருட்டு, துண்டுப்பிரசுரத்தை மடித்துப் பெட்டிக்குள் வைக்கும் பிரிவுக்கு. அங்கே சீஸ் கண்ணில்கூடப் படாது. சூடான தகடும் கிடையாது. மேசையில் இப்போது ஓர் இயந்திரம் அறுக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஆறேழு கிராம் முன்னேபின்னே வருகிறது. அதைத் 'தொழில்நுட்ப நெகிழ்வு' என்று பெட்டியில் குறிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

விசாரணை முடிந்த கையோடு அங்கேயே முடிவைப் படித்துச் சொன்னது நான்தான். மேசையக்கா முழுதும் கேட்டுவிட்டு எழுந்தார்.

"வேல போகல இல்ல சார். அது போதும்." கதவுவரை போனவர் திரும்பினார். "உங்களுக்கு இன்னும் நெஞ்சு எரிஞ்சா ஒரு வாய் பால் குடிங்க."

அவர் போன பிறகு அறிக்கையைக் கையெழுத்துக்காக நடுவில் வைத்தோம். ஆராய்ந்ததில், குழு உறுப்பினர் எவரிடமும் முறை மீறல் காணப்படவில்லை என்ற வழக்கமான வாக்கியம் அடியில் இருந்தது. அன்றைக்கு அந்த அறையில் அந்தச் சீஸை உள்ளபடி ருசித்தவர்கள் நான்கு பேர். ஒருவருக்குத் தண்டனை. மீதி மூன்று பேரும், விரலில் ஒட்டியிருந்ததை நக்கிவிட்டுப் பேனாவைக் கையில் எடுத்தோம்.